காற்றை யார் போட்டது?

என் அக்கா புருஷனை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, அவர் கேட்கிற கேள்விதான். "என்ன போட்டே?"

குழம்பை ஒரு வாய் வைத்த உடனே கேட்பார். நன்றாக இருந்தாலும் கேட்பார், உப்புக் கரித்தாலும் கேட்பார். அக்கா புளி, மல்லி, மிளகாய் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், "வெந்தயம் எங்க போச்சு? நாக்குல நிக்கிதே, அதைச் சொல்ல மாட்டியா?" என்பார். பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி அக்கா சோற்றுக் கரண்டியோடு நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். சாப்பிடுகிற மனுஷன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகக் கூடாதா?

நாங்கள் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. மரியாதையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற சாலையை ஒட்டிய தெரு எங்களுடையது. அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டின் கொல்லையில் ஓலை வேய்ந்த கொட்டகை. அதில்தான் அத்தான் சவுக்காரம் காய்ச்சினார். துணிக்குப் போடுகிற கட்டி சவுக்காரம், மஞ்சள் கலந்த வெள்ளை, கைக்கு அடங்காத கனம். தொழிலில் கெட்டிக்காரர். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவர் காய்ச்சுவதைப் பார்க்கவே தெருப்பெண்கள் வருவார்கள். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றி, அதைச் சலவைச் சோடாவோடு கலக்குவார். ஒரு நாள் தெளிய விட்டால் அடியில் வெள்ளைச் சேறு படியும், மேலே தெளிவாகக் காரத்தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையை விடுவார். முட்டை முங்கினால் காரம் போதாது. மிதந்தால் சரி. மிதந்தது என்றால் இரும்புக் கொப்பரையில் தேங்காயெண்ணெயைக் காயவைத்து, காரத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்ட வேண்டும். கிண்டுகிற வேலை அக்காவுடையது. பாகு கனத்து வரும்போது அத்தான் ஒரு கை உப்பை அள்ளி வீசுவார். சவுக்காரம் மட்டும் தனியாகத் திரண்டு மேலே வரும்.

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மீசைக்குக் கீழே சிரிப்பு ஒளிந்துகொண்டிருக்கும். "பாத்தியா? எண்ணெய் போட்டேன், எண்ணெய் இல்ல. காரம் போட்டேன், காரமும் இல்ல. ரெண்டும் செத்து மூணாவதா ஒண்ணு பொறந்திருக்கு. போட்டது சரியா இருந்தா வர்றது சரியா இருக்கும். இதுல சாமியும் இல்ல பூதமும் இல்ல" என்பார். ஆறிய கட்டியில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். சுரீர் என்றால் காரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் எண்ணெய் வேண்டும். சப்பென்று இருந்தால்தான் அச்சுப்பெட்டியில் ஊற்றுவார்.

ஒரு தடவை சலவைக்காரர் ஒருவர் கட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். "நுரையே வரலீங்க. துணியில பிசுக்குதான் ஒட்டுது. போலீசு சொல்தாக்கார ஐயா சட்டை, என்னைக் கொன்னுபுடுவாரு" என்று அழாத குறை. வேறு வியாபாரியாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். அத்தான் கட்டியைத் தொடவே இல்லை. "எந்தத் தண்ணியில துவைச்சே?" என்றார். கடலோரத்துப் புதுக் கிணறு என்றார் அவர். "உப்புத் தண்ணி போட்டா பிசுக்கு வராம பின்ன என்ன வரும்? ஆத்துத் தண்ணியில துவைச்சுப் பாரு" என்று அனுப்பினார். மறுநாள் சலவைக்காரர் சிரித்துக்கொண்டு வந்து இன்னும் இரண்டு கட்டி வாங்கிப் போனார்.

அவ்வளவு புத்தி. துணி வெளுக்கவில்லை என்றால் தண்ணீரைக் கேட்கத் தெரிந்த மனுஷன். வந்ததைப் பார்த்து உள்ளே போனதைச் சொல்லிவிடுவார். போனதில் தானும் ஒன்று என்பது மட்டும் அவருக்குச் சாகிற வரை தோன்றவே இல்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கை ராசியான கை என்று தெருவே சொன்னது. எங்கள் பக்கத்தில் மாங்காய் ஊறுகாய்க்கு உப்புப் போடுவது சின்ன விஷயம் இல்லை. கை சரியில்லை என்றால் பூத்துப்போய்விடும் என்பார்கள். சித்திரை பிறந்தால் எதிர்வீட்டம்மா வாசலில் நின்றே கூப்பிடுவாள். "ஏ ஆத்தா, வந்து உன் கையால ஒரு பிடி உப்பு போட்டுட்டுப் போ. வருஷம் பூரா கெடாம இருக்கட்டும்!" வடகத்துக்கு மாவு கிளறவும் அக்காதான், சீமந்தத்துக்குச் சோறு கிளறவும் அக்காதான். ஒவ்வொரு வீடாகப் போய்விட்டு, கை முழுக்க மாங்காய் வாசனையோடு வருவாள். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அந்தச் சித்திரை மாசம் ஒரு திருவிழா. அவளிடம் இருந்த பெருமை அந்த ஒன்றுதான்.

ஆமாம், பிள்ளை இல்லை. அத்தான் இதற்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். "உடம்புல என்ன கோளாறு?" அக்கா உடம்பில். கசாயம் கொடுத்தார்கள், வேப்பிலை அரைத்துக் கொடுத்தார்கள். திருநள்ளாற்றுக் குளத்தில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு சுற்றினாள். கடைசியில் நான்தான் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் என்னமோ சொன்னார். நர்ஸம்மா தமிழில் சொன்னாள்: "இவங்களுக்கு ஒரு குறையும் இல்லையாம். வீட்டுக்காரர வரச் சொல்றாரு. அவரையும் பாக்கணுமாம்."

அக்காவுக்கு வாசலைத் தாண்டும்போதே கால் தரையில் பாவவில்லை. ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் சொன்னோம். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்னையப் பாக்கணுமா? நான் என்ன வண்ணான் கொண்டாந்த மூட்டையா, ஆளாளுக்குப் பிரிச்சுப் பாக்க?"

"ரெண்டு பேர் சேந்ததுதானே அத்தான் குடும்பம்? எண்ணெயையும் பாக்கணும், காரத்தையும் பாக்கணும்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றேன்.

"வாய் நீளுது ஒனக்கு. இந்த வீட்டுப் பக்கம் வர்றதா இருந்தா அதைச் சுருட்டி வச்சுட்டு வா" என்றார். அக்கா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி விவகாரம்.

கொடி மாறிய வருஷத்தில்தான் எல்லாம் வந்து விடிந்தது. பிரெஞ்சுக்காரன் போகிறான் என்று ஊரே வெடி வெடித்தது. எங்கள் ஊரைச் சுற்றி நின்ற சுங்கச்சாவடிகளை எடுத்தார்கள். நாங்களும் கை தட்டினோம். அத்தான் கை தட்டவில்லை. சாவடி போன கையோடு, பூப்போட்ட காகிதம் சுற்றிய பட்டணத்துச் சவுக்காரம் பெட்டி பெட்டியாகக் கடைவீதிக்கு வந்தது. மணக்கவும் செய்தது. அத்தான் கட்டியை வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள், "பாப்போம், பொங்கலுக்குச் சொல்றோம்" என்று இழுக்க ஆரம்பித்தார்கள். பொங்கலுக்கு ஒரு நல்ல காய்ச்சல் காய்ச்சிக் காட்டாவிட்டால் தொழில் போச்சு என்று அவருக்குத் தெரியும்.

அதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடந்திருந்தது. மரைக்காயர் ஒருவரின் தோணியில் தேங்காயெண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. அத்தான் நிறைய வாங்கிவிட்டார், ஊற்றி வைக்க ஜாடி போதவில்லை. சுட்ட கிளிஞ்சல் இருந்த பெரிய ஜாடிகளைக் காலி பண்ணி, சுண்ணாம்பைக் கொட்டகை மூலையில் தரையில் பரப்பினார். மேலே ஒரு சாக்கு. வருஷா வருஷம் அந்த ஜாடிகளின் வாயைக் களிமண் பூசி அடைத்து வைப்பது அக்கா. மழைக்காலத்தில் கடல்காற்று சுண்ணாம்பை என்ன செய்யும் என்பது எங்கள் ஊரில் வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். மூடாத சுண்ணாம்பு செத்துப்போகும்.

"ஏங்க, காத்து படப் போவுதுங்க. ஒரு பானையிலயாச்சும் அள்ளி மூடி வைக்கட்டுமா?" என்று அக்கா கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

"காத்து என்னடி செய்யும்? காத்தையா நாம கொப்பரையில போடறோம்? நாம போடறதுதான் வரும்" என்றார் அத்தான்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. வெயில் இல்லாமல் கட்டி உலராது என்பதால் அந்த மாசங்களில் காய்ச்சுவதில்லை. மார்கழிக் கடைசியில் வானம் வெளுத்ததும் ஆரம்பித்தார். சாக்கைத் தூக்கினால் கிளிஞ்சல் ஒன்றுகூட முழுசாக இல்லை, மாவாக உதிர்ந்து கிடந்தது. "தானா நீத்துக்கிச்சு, தண்ணி ஊத்துற வேலை மிச்சம்" என்று சிரித்தார். சோடாவோடு கலக்கினார். தெளிந்த தண்ணீரில் முட்டையை விட்டார். முட்டை ஜம்மென்று மிதந்தது.

மிதக்காமல் என்ன செய்யும்? சோடா கரைந்த தண்ணீரும் கனமான தண்ணீர்தானே. அது காரமாக மாறியதா இல்லையா என்று முட்டைக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் பிற்பாடு எனக்குப் புரிந்தது. அன்றைக்கு முட்டை மிதந்தது, அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பினார்.

அக்கா விடிந்ததிலிருந்து கிண்டினாள். மத்தியானம் ஆனது, எண்ணெய் எண்ணெயாகவே மேலே நின்றது. இன்னும் கிண்டு என்றார். விறகு தீரத் தீரப் போட்டார். உப்பை வீசினார். ஒன்றும் திரளவில்லை. மேலே எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர். மலிவு என்று வாங்கிய எண்ணெயில் பாதிக்கு மேல் அந்தக் கொப்பரையில் கிடந்தது. பொங்கலுக்குச் சரக்கு எடுக்கக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். தெருப்பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன்.

அத்தான் கொப்பரையைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். பிறகு துடுப்பைப் பிடித்திருந்த அக்காவின் கையைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டேன். எண்ணெய் சரி, காரம் சரி. இந்தக் கை பட்டுதான் திரளல. மலட்டுக் கை! இது பட்டா எதுடா திரளும்?"

அத்தனை பேர் எதிரில் சொன்னார். சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று பேசிய மனுஷன்! அக்கா துடுப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றாள். கொப்பளம் வெடித்த கை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சமையற்கட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தேன். ஆரத்தி கரைக்கத் தெரியாத பெண் எங்கே இருக்கிறாள்? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ரத்தமாகச் சிவக்க வேண்டும். மூலையில் கிடந்த மாவை ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினேன். மஞ்சள் லேசாக மங்கியது. சிவக்கவில்லை. நான் சமையற்கட்டிலிருந்து வருவதற்குள்ளேயே வாசலில் நின்றவர்கள் கலைந்து போயிருந்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, அப்புறம் என்ன? கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"பாருங்க அத்தான். சுண்ணாம்பு செத்துக் கிடக்கு. காத்தும் ஈரமும் பட்டு வெறும் மாவாப் போச்சு. இதைப் போட்டா காரம் எங்கேருந்து வரும்? அக்கா கைக்கும் இதுக்கும் என்ன?"

அவர் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். விரலை விட்டுத் தொட்டு, நாக்கில் வைத்தார். அவருக்குப் புரிந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன். கண் ஒரு தடவை அந்த மூலைக்குப் போய்விட்டு வந்தது. பிறகு கிண்ணத்தைக் கொப்பரை விளிம்பில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் போடலியே. காத்தை யாரு போட்டா?"

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் தெருவெல்லாம் சொன்னேன். சுண்ணாம்பு செத்தது, சுண்ணாம்பு செத்தது என்று தொண்டை வறளச் சொன்னேன். "தங்கச்சி அக்காவுக்குப் பேசாம யாருக்குப் பேசுவா?" என்று எதிர்வீட்டம்மா முடித்துவிட்டாள். காய்ச்சுகிற மனுஷன் வாயால் வந்தது ஒன்று, மைத்துனி வாயால் வந்தது ஒன்று. ஊர் எதை எடுக்கும்? அந்தச் சித்திரையில் அக்காவை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி மாங்காய்க் கூடைகள் போயின. அக்கா சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசல் என்றா சொன்னேன்? ஆமாம், அதற்குள் அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் போலகத்திலிருந்து வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

புதுப்பெண் வந்த கையோடு சவுக்காரம் திரண்டது. முதல் காய்ச்சலே பாறையாக இறங்கியது. அத்தான் கட்டிக்கு ஒரு பழைய பெயர் இருந்ததல்லவா, கிராமத்துப் பக்கம் பட்டணத்துச் சவுக்காரத்தை விட அதுதான் அழுக்கை எடுக்கிறது என்று திரும்பவும் கேட்க ஆரம்பித்தார்கள். சுரக்குடியிலிருந்துகூட வண்டி கட்டி வந்து வாங்கிப் போனார்கள். தெருவுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? "பாத்தியா, கை மாறுச்சு, காரியம் மாறுச்சு" என்றார்கள். மாறியது கை ஒன்றுதான் என்று எனக்கே ஒரு நேரம் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

போலகத்துப் பெண்ணுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அத்தான் என்ன போட்டே என்று யாரையும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. அவள் கைதான் நல்ல கையாயிற்றே.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்குச் சோறு வேண்டாம், அந்த வீடு வேண்டாம். என் கையில குத்தம் இல்லன்னு அவரு வாயால தெருவுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." மாவு பிசையும்போதும் சொல்வாள், எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதும் சொல்வாள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அத்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வாழைநாரில் கட்டிய நாலு கட்டி சவுக்காரம். என் பிரசவத்துக்கும் இப்படித்தான் கொடுத்தனுப்பினார். இந்த மாதிரி காரியங்களில் குறை வைக்காத மனுஷன் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சவுக்காரம் எல்லாம் எதுக்கு அத்தான்? வந்தது வந்தீங்க. எதிர்வீட்டம்மாவக் கூப்பிடறேன். அன்னிக்குச் சுண்ணாம்புதான் செத்துக் கிடந்துச்சு, இவ கையில ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும்" என்றேன்.

அவர் கட்டிகளை வாசற்படியில் வைத்தார். "நடந்து முடிஞ்சதைக் கிளறி என்ன ஆவப் போவுது? சவுக்காரத்தை மறுபடி எண்ணெயாக்க முடியுமா?" என்றார்.

"எண்ணெயாக்க வேண்டாம். என்ன போட்டீங்கன்னு சொன்னாப் போதும்."

"வரேன்" என்று திரும்பி நடந்துவிட்டார். அந்தக் கட்டிகளை நான் சாக்கடையில் எறியப் போனேன். அக்கா விடவில்லை. நல்ல சரக்கு, வீணாக்காதே என்றாள். அவள் புத்தியை என்னவென்று சொல்ல!

ரொம்ப வருஷம் கழித்து என் மகள் பள்ளிக்கூடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு அம்புக்குறி. இந்தப் பக்கம் வினையில் சேருகிற பொருள்கள், அந்தப் பக்கம் விளைகிற பொருள்கள். ஒரு பக்கம் இருந்ததெல்லாம் மறுபக்கத்தில் வேறு உருவத்தில் இருந்தே தீருமாம், எதுவும் சும்மா வராதாம், எதுவும் காணாமல் போகாதாம். நீற்றின சுண்ணாம்பும் காற்றில் இருக்கிற கரியமில வாயுவும் சேர்ந்தால் சுண்ணக்கல்லும் தண்ணீரும் என்று எழுதிக் காட்டினாள். "காத்தையும் இந்தப் பக்கம் எழுதணுமா?" என்று கேட்டேன். "பின்ன? அது சேந்ததாலதானேம்மா மாறுச்சு. கண்ணுக்குத் தெரியலன்னா விட்டுடுவாங்களா?" என்றாள். எங்கள் அத்தானுக்கு இந்தப் பாடம் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். இடப்பக்கத்தில் எல்லார் பெயரையும் எழுதுவார். தன் பெயரை மட்டும் எழுத மாட்டார்.

அந்தப் பாடம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் காலையில் கொட்டகையில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். முதல் தாரம் இல்லாமல் சடங்கு ஆகாதே. வீட்டைவிட்டு அனுப்பத் தெரிந்தவர்களுக்குத் தாலி வாங்க மட்டும் அவள் வேண்டியிருந்தது. போகாதே என்றேன். போனாள். நானும் கூடப் போனேன்.

கருமாதிக்கு முதல் நாள் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு வேண்டுமே என்று எதிர்வீட்டம்மா கேட்டாள். "கொட்டாயில இருக்குங்க" என்று போலகத்துப் பெண் எங்களைக் கூட்டிப் போனாள். சின்னப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூலையில் பெரிய ஜாடி ஒன்று இருந்தது. வாயில் தேங்காய் ஓடு கவிழ்த்து, துணி சுற்றி, அதன் மேல் களிமண் கனமாகப் பூசியிருந்தது. காய்ந்த மண்ணில் விரல் தடம் அப்படியே தெரிந்தது. அகலமான ஆம்பிளை விரல்.

நான் ஒரு கல்லால் தட்டி மண்ணை உடைத்தேன். உள்ளே கிளிஞ்சல்கள் முழுசு முழுசாக, சுட்டெடுத்த அன்று இருந்த மாதிரி இருந்தன. முற்றத்துத் தொட்டியில் கொட்டினோம். அக்கா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். அடேயப்பா! உஸ்ஸென்று சீறி, படபடவென்று வெடித்து, ஆவி முகத்தில் அடிக்கக் கொதித்தது தொட்டி. பெண்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். அக்கா நகரவில்லை.

"நல்ல சுண்ணாம்பு. காரமே குறையல" என்றாள் எதிர்வீட்டம்மா.

"யாரும்மா இப்படிக் களிமண் போட்டு அடைச்சது? நீயா?" என்று அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"இல்லீங்கக்கா, அவருதான். என்னையக் கிட்டவே விட மாட்டாரு. அவரே மண்ணு பிசைஞ்சு, அவரே பூசுவாரு. எடுத்த உடனே திரும்ப அடைச்சிடுவாரு. காத்து பூந்தா செத்துப்போவும், அப்புறம் எவ கிண்டினாலும் திரளாதும்பாரு."

"எப்பலேருந்து?"

"நான் வந்த அன்னியிலேருந்துங்க."

தெரிந்திருக்கிறது. அந்த மஞ்சள் கிண்ணத்தை நாக்கில் வைத்துப் பார்த்த நிமிஷமே பாவிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மலட்டுக் கை என்று சொன்னதை அப்படியே விட்டுவிட்டு, வேறு கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜாடி வாயை அடைத்த ஆள் தன் வாயையும் அடைத்துக்கொண்டு செத்திருக்கிறார். எதிர்வீட்டம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"கேட்டீங்களா? இப்பவாச்சும் காதுல விழுந்துச்சா? எவ கிண்டினாலும் திரளாதாம்! அன்னிக்கு நான் தொண்ட கிழியச் சொன்னேனே, கேட்டீங்களா நீங்க?"

அவள் முகம் தொங்கிப்போனது. "ஐயோ, நாங்க என்னத்தடி கண்டோம்? அந்த மனுஷன் சொன்னதை நம்பினோம்" என்றாள். அக்காவைப் பார்த்தாள்.

"விடுடி" என்றாள் அக்கா. ஒரு கம்பை எடுத்துச் சுண்ணாம்பைக் கிளற ஆரம்பித்திருந்தாள். "இப்ப தெரிஞ்சு என்ன? நாளைக்குத் தாலிய வாங்கிடுவாங்க. தாலி அறுத்த கையை எவ ஊறுகாய்க்குக் கூப்பிடுவா?"

கூப்பிடுவேன் என்று எதிர்வீட்டம்மா சொல்லியிருக்கலாம், பொய்யாகவாவது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அக்கா கட்டி இல்லாமல், கைக்குப் பதமாக, பால் மாதிரி வருகிற வரை கிளறினாள். வெள்ளை அடிக்க வந்த ஆள் மட்டையை முக்கிச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "யாருங்க கரைச்சது? நல்லாத் திரண்டு வந்திருக்கு" என்று கேட்டான். முற்றத்தில் அத்தனை பெண்கள் இருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.